ஏபிஓஇ4 இருந்தால் நோய் வந்தே தீருமா?

அல்சைமர் மறதி நோய் பற்றிய உங்கள் கட்டுரையில், ஆபத்தைக் கூட்டும் ஏபிஓஇ4 (APOE4) என்ற மரபணு வடிவத்தையும், ஒரே மரபணு மாற்றத்தால் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பவழி அல்சைமரையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். தயவுசெய்து பிரித்து எழுதுங்கள். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மறதி நோய் உள்ள வீட்டுப் பிள்ளைகள் இதைப் படித்தால் கலங்கிப்போவார்கள்.

ஏபிஓஇ4 பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தால் ஆபத்து ஏறக்குறைய 3 மடங்கு. இருவரிடமிருந்தும் வந்தால் இன்னும் அதிகம். ஆனாலும் அதை வைத்துக்கொண்டே கடைசிவரை தெளிவாக இருப்பவர்கள் உண்டு. அது இல்லாமலே நோயில் விழுபவர்களும் உண்டு.

குடும்பவழி அல்சைமர் உள்ள, கொலம்பியாவின் ஆன்டியோக்கியா பகுதிக் குடும்பங்களின் நிலை வேறு. அங்கே பிரெசெனிலின் 1 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாற்றம். பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்துவிட்டால் 44 வயதுவாக்கில் நினைவு தடுமாறும். டாக்டர் பிரான்சிஸ்கோ லோப்பேரா 2024இல் மறையும்வரை அவர்களோடேயே இருந்து ஆராய்ந்தார். அந்த மாற்றம் இருந்தும் ஒரு பெண்மணிக்கு எழுபது வயதைத் தாண்டித்தான் மறதி எட்டிப்பார்த்தது! அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் அவருக்கும் அப்பிக் கிடந்தது. அந்நோயின் இன்னொரு அடையாளமான டௌ புரதச் சிக்கலோ குறைவு. அவரிடம் இருந்தது கிறைஸ்ட்சர்ச் என்ற அரிய ஏபிஓஇ வடிவம், அதுவும் இரண்டு பிரதி. அதுதான் அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் 2019இல் எழுதினார்கள். பயமுறுத்தும் அதே மரபணுவின் இன்னொரு முகம் இது. எனக்கு இதைவிட நம்பிக்கை தந்த செய்தி இந்தத் துறையில் இல்லை.

அப்புறம், அமிலாய்டை அகற்றும் லெக்கனெமாப் என்ற அல்சைமர் மருந்து பற்றியும் ஒரு வரி சேருங்கள். இரண்டு ஏபிஓஇ4 உள்ளவர்களுக்கு அதனால் மூளை வீக்கமும் ரத்தக்கசிவும் கூடுதலாக வருகின்றன. மரபணுப் பரிசோதனை நிஜமாகவே உதவும் இடம் அது.