ஸ்பானிய மொழியில் துண்டறிக்கை அச்சடித்தால் போதுமா?

டெக்சஸில் நான் வசிக்கும் ஊரின் பொது நூலகத்தில், கல்லூரி நிதியுதவிக்கான ஃபாஃப்ஸா படிவத்தை நிரப்ப உதவும் மாலை முகாம்கள் ஆண்டுதோறும் நடக்கின்றன. அவற்றில் தன்னார்வலராக உட்காருவது என் வழக்கம். சென்ற முறை, அலுவலகங்களில் துப்புரவுப் பணி செய்யும் ஹோண்டுராஸ் நாட்டுத் தாய் ஒருவர், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் தம் மகளுடன் வந்திருந்தார். மகள் முதல் வகுப்பில் வாங்கிய நற்சான்றிதழ் முதற்கொண்டு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்திருந்த அவர், வருமான வரித் தாளைக் கேட்டதும் தயங்கினார். "இதை யார் யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டார். மகள் அதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்த, பெற்றோருக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை குறைவு என்னும் பேச்சை நம்மவர் வீட்டு விருந்துகளிலேயே கேட்டிருக்கிறேன். அந்தக் கோப்பைப் பார்த்தவர் எவரும் அப்படிப் பேசமாட்டார். ஸ்பானிய மொழியில் 'எதுகாசியோன்' என்னும் சொல் பள்ளிப் படிப்பை மட்டும் குறிப்பதில்லை. நல்லொழுக்கம், பெரியவர்களிடம் மரியாதை, குடும்பப் பொறுப்பு ஆகியவையும் அதில் அடங்கும். பிள்ளையை அப்படி வளர்ப்பது தம் கடமை, பாடத்தைப் பற்றி முடிவெடுப்பது ஆசிரியரின் கடமை என்று நம்பும் பெற்றோர், பள்ளிக்குச் சென்று கேள்வி கேட்பதையே மரியாதைக் குறைவாக எண்ணக்கூடும். அமெரிக்கப் பள்ளியோ கேட்டவருக்குக் கொடுக்கும் இடம். நம் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலேயே மேம்பட்ட கணித வகுப்பில் சேர்வதற்கு, எதை எப்போது யாரிடம் கேட்க வேண்டும் என்பதை நமது வாட்ஸ்அப் குழுவில் யாராவது முன்கூட்டியே சொல்லிவிடுவதும் ஒரு காரணம் என்பதை நாம் ஒப்புக்கொள்வதில்லை.

இந்த இடைவெளியை அரசு அறியாமல் இல்லை. 1990 செப்டம்பரில் மூத்த புஷ் அதிபராக இருந்தபோது, ஹிஸ்பானிக் மாணவர் கல்விக்கென வெள்ளை மாளிகை முன்முயற்சி ஒன்றை ஆணையிட்டுத் தொடங்கினார்; பின்வந்த அதிபர்களும் ஏதேனும் ஒரு பெயரில் அதைத் தொடர்ந்தனர். 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே டிரம்ப் பைடன் காலத்து ஆணையை ரத்து செய்தார். அந்த ஆணைகளில் பல, குழுக்களும் அறிக்கைகளுமாக வாஷிங்டனிலேயே தங்கிவிட்டன என்பது என் கருத்து. ஆகவே அதன் மறைவுக்காக நான் அழப்போவதில்லை. ஏழைப் பள்ளிகளில் ஏழாம் வகுப்புக்குள்ளாகவே ஒரு மாணவர் தொகுதியை எடுத்துக்கொண்டு பன்னிரண்டாம் வகுப்புவரை கூடவே செல்லும் கியர் அப் திட்டமும், இடம்பெயர்ந்து வேலை செய்யும் பண்ணைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளைக் கல்லூரியின் முதலாண்டில் கைப்பிடித்து நடத்தும் திட்டமும் வேறு வகையானவை. அவற்றில் பிள்ளைக்கு அருகில் ஓர் ஆள் இருக்கிறார்.

ஆள் இருப்பதற்கும் தாள் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. 2008ஆம் ஆண்டு வாக்கில் ஓஹையோவிலும் வட கரோலைனாவிலும், குறைந்த வருமானக் குடும்பங்கள் வரி தாக்கல் செய்ய வந்த அலுவலகங்களிலேயே பொருளாதார அறிஞர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியினருக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற தகவலை மட்டும் கொடுத்தார்கள். மற்றொரு பகுதியினருக்கு, வரித் தாளில் இருந்த விவரங்களைக் கொண்டு ஃபாஃப்ஸா படிவத்தை அங்கேயே நிரப்பிக் கொடுத்தார்கள். உடனிருந்து நிரப்பிக் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகளிடையே கல்லூரியில் சேர்ந்தோர் விகிதம் ஏறத்தாழ 8 சதவீதப் புள்ளிகள் கூடியது. தகவல் மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை. துண்டறிக்கையை ஸ்பானிய மொழியில் அச்சடித்துவிட்டுக் கடமை முடிந்தது என்று கருதும் அதிகாரிகளின் மேசையில் இந்த முடிவை ஒட்டிவைக்க வேண்டும்.

இதைவிட நல்ல வழி, பெற்றோர் கேட்கவே தேவையில்லாதபடி செய்வது. ஐந்தாம் வகுப்புத் தேர்வில் முதல் 40 சதவீதத்துக்குள் வரும் மாணவர்களை ஆறாம் வகுப்பில் மேம்பட்ட கணிதத்தில் தானாகவே சேர்க்க வேண்டும் என்று டெக்சஸ் 2023இல் சட்டம் இயற்றியது. வேண்டாம் என்றால்தான் பெற்றோர் எழுதித் தர வேண்டும். டாலஸ் பள்ளி மாவட்டம் அதற்கு முன்பே இம்முறையைப் பின்பற்றியதில் அவ்வகுப்புகளில் ஹிஸ்பானிக் பிள்ளைகள் பெருகினார்கள். அவர்கள் அதுவரை வேறு வகுப்பில் உட்கார்ந்திருந்ததற்குத் திறமைக் குறைவு காரணமல்ல என்பது இதிலிருந்து விளங்குகிறது. டெக்சஸ் அரசோடு எனக்குப் பல விஷயங்களில் உடன்பாடில்லை; இதில் உண்டு.

ஆனால் ஃபாஃப்ஸா விஷயத்தில் நடந்தது வேறு. எளிமைப்படுத்திய புதிய படிவம் என்று சொல்லி 2023 டிசம்பர் இறுதியில் அரசு வெளியிட்ட படிவத்தில், சமூகப் பாதுகாப்பு எண் (குடியேற்ற ஆவணமற்றவர்களுக்குக் கிடைக்காத அரசு அடையாள எண்) இல்லாத பெற்றோரால் தம் பகுதியை முடிக்கவே இயலவில்லை. பிள்ளை இந்நாட்டிலேயே பிறந்த குடிமகனாக இருந்தாலும், பெற்றோரின் எண் இல்லாத காரணத்தால் 2024 மார்ச் வரை காத்திருக்க நேர்ந்தது. உதவி எண்ணுக்கு அழைத்தவர்களுக்கும் பயனில்லை; முதல் ஐந்து மாதங்களில் வந்த அழைப்புகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு எடுக்கப்படவே இல்லை என்று அரசின் தணிக்கை அமைப்பே பின்னர் தெரிவித்தது. பல ஆண்டுகளாகப் பள்ளி ஆலோசகர்கள் "பயப்படாதீர்கள், நிரப்புங்கள்" என்று சொல்லிச் சொல்லிச் சேர்த்துவைத்த நம்பிக்கை அந்த ஒரு பருவத்தில் பெருமளவு கரைந்தது.

எஞ்சியிருந்த நம்பிக்கையும் 2025இல் ஆட்டம் கண்டது. ஏப்ரலில், குடியேற்றத் துறையுடன் வரித் தகவலைப் பகிர வருமான வரித் துறை ஒப்பந்தம் செய்துகொண்டது. ஜூனில், குடியேற்ற ஆவணமற்ற மாணவர்களுக்கு டெக்சஸ் 2001 முதல் வழங்கிவந்த உள்மாநிலக் கட்டணச் சலுகை (மாநிலவாசிகளுக்கான குறைந்த கல்லூரிக் கட்டணம்), மத்திய அரசு தொடுத்த வழக்கில் மாநிலமே உடன்பட்டதால் ஒரே நாளில் முடிவுக்கு வந்தது.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் அந்தத் தாயின் கேள்விக்கு நான் விடை சொல்ல வேண்டியிருந்தது. நிதியுதவிக்காகத் தரும் விவரத்தை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தச் சட்டம் இடம் தரவில்லை என்றேன்; அது உண்மை. எனவே அஞ்ச வேண்டியதில்லை என்று அதோடு சேர்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குறைந்த வருமானக் குடும்பத்து மாணவருக்கு மத்திய அரசு தரும், 7,395 டாலர் வரை கிடைக்கக்கூடிய பெல் நிதியுதவியைப் பற்றியும், அதைத் திருப்பிச் செலுத்தத் தேவையில்லை என்பதைப் பற்றியும் விளக்கினேன். கணவரைக் கலந்துகொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு, சான்றிதழ்களைப் பழைய வரிசையிலேயே அடுக்கிக் கோப்பை மூடினார். அடுத்த வியாழக்கிழமையும் நான் இருப்பேனா என்று மகள் கேட்டாள். இருப்பேன் என்றேன்.