மே மாதத்து வாசிப்பும் மிச்சப் பதினொரு மாதங்களும்

ஒவ்வொரு மே மாதமும் என் ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் இயந்திரம் ஆறுவதே இல்லை. எல்லாம் கோடை விடுமுறை வாசிப்புப் போட்டிச் சான்றிதழ்கள். சென்ற முறை ஓர் இடத்துக்கு மட்டும் 40 போட்டுக் கொடுத்தேன். அதில் காசு பார்க்கிறவள் குறை சொல்லக் கூடாதுதான். இருந்தாலும் சொல்கிறேன். இந்தப் போட்டிகளில் பாதி, பிள்ளைகளை வாசிக்க வைப்பதில்லை. வாசித்ததாக எழுத வைக்கின்றன.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? வாசித்த புத்தகங்களின் பட்டியலை நகல் எடுக்கப் பிள்ளைகள் என் கடைக்குத்தான் வருகிறார்கள். என் அண்ணன் மகன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு போட்டியில் கேடயம் வாங்கினான். ஒரே மாதத்தில் 61 புத்தகங்கள்! வீடே பூரித்துப் போனது. நகல் எடுக்கும்போது நான் அந்தக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். கதைச் சுருக்கம் என்று அவன் எழுதியிருந்ததெல்லாம் பின்னட்டை வாசகம். "இதில் உனக்கு எது பிடித்தது?" என்று கேட்டேன். "பக்கம் குறைவாக இருந்ததெல்லாம் பிடித்தது அத்தை" என்றான். அவன் மீது தப்பில்லை. எண்ணிக்கைக்குத்தான் பரிசு என்றால் எவன்தான் தடித்த புத்தகத்தை எடுப்பான்? ஜூன் மாதம் கேடயம் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஏறியது. அடுத்த மே வரை அவன் ஒரு கதைப் புத்தகத்தையும் தொடவில்லை.

1973-இல் அமெரிக்காவில் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஓர் ஆய்வு வெளியானது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். சொன்னபடி கொடுத்தும் விட்டார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் தாமாக வரைவது குறைந்திருந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளுக்கும், எதுவுமே பெறாத குழந்தைகளுக்கும் அப்படி ஆகவில்லை. இதைப் படித்த அன்று என் லேமினேஷன் இயந்திரத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்தேன்.

போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் 1999 முதல் நூலகங்களில் ஒரு கோடைகால வாசிப்புச் சவால் நடக்கிறது. அதில் வழக்கமாகக் கேட்பது ஆறே ஆறு புத்தகங்கள்தான், அதையும் பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம். முதலிடம் இரண்டாமிடம் கிடையாது. முடித்தவர்கள் எல்லோரும் முடித்தவர்கள். நீண்ட விடுமுறையில் வாசிப்பு விட்டுப்போகக் கூடாது என்பதற்காக அதைக் கோடையில் வைத்தார்கள். நாம் ஆறையும் விட்டுவிட்டோம், தேர்வுரிமையையும் விட்டுவிட்டோம், கோடையை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

மே மாதத்தில் டெல்டாப் பிள்ளையைப் பகலில் புத்தகத்தோடு உட்கார வைப்பது எளிதா? அது மாமரம் ஏறும் காலம், தாய்மாமன் வீட்டுக் காலம். இங்கே வாசிக்கத் தோதான பருவம் ஐப்பசி, கார்த்திகை. மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டாயிற்று. வாசலில் தண்ணீர் நிற்கிறது, வெளியே விளையாட முடியாது, மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாது. (கைபேசியைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் இதைப் படிப்பதே அதில்தான். ஆனால் மூன்றாம் நாள் மழையில் அதற்கும் சார்ஜ் தீர்ந்துவிடும்.) அந்த நேரத்தில் வீட்டில் இரண்டு புத்தகம் கிடந்தால் போதும். நூலகம் திறந்திருக்கும்போதே போய் எடுத்து வந்திருந்தால்தானே கிடக்கும்?

முறை வைத்துத் தண்ணீர் விடுவது நமக்குத் தெரிந்த விஷயம். ஒரே நாளில் மொத்தத் தண்ணீரையும் பாய்ச்சிவிட்டு அறுவடைக்கு வருகிறேன் என்று எந்த விவசாயியும் போவதில்லை. புத்தகத்தையும் அப்படி முறை வைத்துக் கொண்டுபோனவர் எங்கள் பக்கத்திலேயே இருந்தார். மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை 1931-இல் மாட்டு வண்டியில் நடமாடும் நூலகம் விட்டார். தொடங்கி வைத்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.அரங்கநாதன். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்டதும் அதே 1931-இல்தான். முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பது. புத்தகம் படிக்க ஆள் வரட்டும் என்று காத்திராமல், ஆள் இருக்கும் ஊருக்கு அந்த வண்டி போனது. இன்று ஒரு பள்ளியில், நுழை, நட, ஓடு, பற என்று அழகாக நான்கு படியாகப் பிரித்து அரசின் வாசிப்பு இயக்கம் தந்த சிறு நூல்களை, கிழிந்துவிடும் என்று அலமாரியில் பூட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். கிழியட்டுமே!

ஆகவே போன ஜூனில், மேட்டூர் அணை திறக்கும் செய்தி வந்த வாரத்தில், பிள்ளைகளுக்காக நானே ஒரு வாசிப்பு அட்டை தயாரித்தேன். ஒற்றைத் தாள், பன்னிரண்டு கட்டம், மாதத்துக்கு ஒன்று. எண்ணிக்கை கேட்கவில்லை, வேலை கொடுத்தேன். ஜூலையில், பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் மூடிவிட்டு ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். (இதற்குத்தான் பெற்றோரிடம் அதிகம் வசை வாங்கினேன்.) நவம்பரில், மழை நாளில் ஒரே மூச்சாக ஒரு கதை. டிசம்பரில், முன்பு படித்ததையே மறுபடி படிப்பது. பிப்ரவரியில், வீட்டில் வாசிக்கத் தெரியாத அல்லது கண் மங்கிய ஒருவருக்கு வாசித்துக் காட்டுவது.

எல்லாவற்றிலும் பிப்ரவரிதான் பிய்த்துக்கொண்டு போனது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய தாத்தா, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு நான்கு நாளாகக் காவல் இருந்தார். பேரன் சாப்பாடு கொண்டுபோனபோது புத்தகத்தையும் கொண்டுபோயிருக்கிறான். கதையில் ஓரிடத்தில் நாற்று நட்ட ஒரு வாரத்தில் கதிர் வந்துவிடுகிறது. தாத்தா அங்கேயே நிறுத்திவிட்டார். "எழுதினவர் வயலில் இறங்கியதே இல்லையடா" என்று சத்தம் போட, பக்கத்துக் குவியல்காரர்களும் சேர்ந்துகொண்டு, அது எத்தனை நாள் ரகம் என்று விவாதம் ஓடியதாம். மறுநாள் மீதிக் கதையைக் கேட்கத் தார்ப்பாயில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பையன் கட்டத்தில் 'தாத்தா 3 தப்பு கண்டுபிடித்தார்' என்று எழுதி வந்தான். எனக்குச் சான்றிதழ் அடிக்கக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன்.

ஆசை காட்டாமல் பிள்ளை நகராது என்கிறார் எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை. பாதி ஒப்புக்கொள்கிறேன். அதனால் கட்டத்தை நிரப்பியவர்களுக்கு ஒரே ஒரு சலுகை: பிள்ளைகள் எடுத்துப் படிக்க என் கடைக்குப் புதுப் புத்தகக் கட்டு வந்தால் அவர்கள்தான் முதலில் பிரிக்கலாம். 23 பேரில் தொடங்கிய அட்டை இப்போது 14 பேரிடம் உயிரோடு இருக்கிறது. என் அண்ணன் மகன் அந்தப் பதினான்கில் இல்லை. ஆனால் போன வாரம் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனான், அட்டையைக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

அடுத்த ஆண்டு அட்டையைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். செப்டம்பரில்தான் சிக்கல். காலாண்டுத் தேர்வு மாதம், ஒருவரும் அந்தக் கட்டத்தைத் தொடவில்லை. என்ன வைக்கலாம் என்று தோன்றுகிறவர்கள் சொல்லுங்கள். பெரிய வேலையாகச் சொல்லிவிடாதீர்கள், பத்து நிமிடத்தில் முடிய வேண்டும்.