விடிந்த பிறகு வந்து அவசரமில்லை என்கிறார்கள்

ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போட்ட க்ளெய்மைத் தர முடியாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய கடிதத்தை ஒத்தக்கடை நண்பர் நேற்று இங்கே போட்டிருந்தார், எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கீழே வந்து ‘பாலிசியை ஒழுங்காப் படிச்சிருக்கணும்’ என்று உபதேசம் செய்தவர்களையும் பார்த்தேன். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. அதே வாசகத்தோடு ஒரு கடிதம் எங்கள் வீட்டு பீரோவிலும் கிடக்கிறது. ‘பரிசோதனைக்காக மட்டுமே அட்மிட் ஆகியிருக்கிறார், புறநோயாளியாகவே பார்த்திருக்கலாம்.’

போன ஐப்பசியில் ராத்திரி ஒன்றே முக்காலுக்கு அப்பா என்னை எழுப்பினார். அவர் அப்படி யாரையும் எழுப்புகிற ஆளில்லை. பனியனைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும், அவ்வளவு வேர்வை. ‘ஒரு மாதிரியா இருக்குப்பா’ என்றார். வயசு 68, சர்க்கரை வேறு. திருமங்கலத்திலிருந்து மதுரை வரைக்கும் பின் சீட்டில் அம்மா அவர் நெஞ்சில் விபூதியைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

முதல் இசிஜியில் ஒன்றுமில்லை. ஆனாலும் டியூட்டி டாக்டர் வீட்டுக்கு அனுப்பவில்லை. சில அட்டாக் முதல் இசிஜியில் பிடிபடாதாம். இதயத் தசை அடிபட்டால் வெளியாகிற ட்ரோபோனின் என்ற பொருள் ரத்தத்தில் ஏறவே சில மணி நேரம் ஆகும், மறுபடி எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். இரண்டு நாள் ஐசியு. கடைசியில் இதயம் நன்றாக இருக்கிறது, அசிடிட்டிதான் என்றார்கள். மீனாட்சிக்கு ஒரு கும்பிடு போட்டோம். பில் 46,300 ரூபாய். அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது.

ஒன்றுமில்லை என்று வந்ததுதான் எங்கள் குற்றம். அட்டாக்காக இருந்திருந்தால் பணம் வந்திருக்கும்.

நான் கேட்பது ஒன்றுதான். அவசரமா இல்லையா என்பதை வாசலில் வந்து நின்றபோது இருந்த நிலையை வைத்துப் பார்ப்பீர்களா, மூன்றாம் நாள் ரிப்போர்ட்டை வைத்தா? படித்த டாக்டருக்கே மூன்றாம் நாள்தான் தெரிந்தது. எங்கள் அம்மாவுக்கு ஒன்றே முக்காலுக்கே தெரிந்திருக்க வேண்டுமாம்!

ஆஸ்பத்திரிகள் பில்லை ஏற்றுகின்றன என்பீர்கள். ஏற்றுகிறார்கள், போய் அவர்களைப் பிடியுங்கள். கவர்மெண்ட் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்று மச்சான் ஒருவர் கேட்டார். போயிருக்கலாம்தான். என் தங்கச்சிக்குப் பிரசவமே அங்கேதான், அதை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். அப்புறம் எதற்கு ஆறு வருஷமாக பிரீமியம் கட்டினேன்? போலி க்ளெய்ம் போடுகிறவர்கள் இருக்கிறார்களே என்கிறார் இன்னொருவர். சரி, அதற்கு என் அப்பாவின் வேர்வையா வந்து சாட்சி சொல்லணும்?

‘ஓம்புட்ஸ்மேன் இருக்கே சார்.’ இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிறவர்தான் அவர், இருக்கிறார், சென்னையில். காசு வேண்டாம், வக்கீல் வேண்டாம். முதலில் கம்பெனிக்கு எழுதி 30 நாள் பொறுக்க வேண்டும், அவர்கள் கைவிரித்தால் ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். எழுதியிருக்கிறேன். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ 2024 மே மாதம் போட்ட சுற்றறிக்கைப்படி, கம்பெனியின் க்ளெய்ம் ஆய்வுக் கமிட்டி ஒப்புக்கொள்ளாமல் எந்த க்ளெய்மையும் தள்ளக் கூடாது. அந்தக் கமிட்டியில் ஒருத்தராவது ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பனைத் தூக்கிக் காரில் போட்டிருப்பாரா?

ஏஜெண்ட் யாரோ எவரோ இல்லை, சொந்தக்காரர். பாலிசி போட வந்த அன்று அம்மா கையால் கறிச்சோறு தின்றவர். ‘ஒரு போன் போடு, மத்ததை நான் பாத்துக்கிறேன்’ என்றவர். பதினோரு போன் போட்டேன். போன மாதம் தங்கச்சி மகள் காதுகுத்துக்கு வந்தவர், மொய்யை எழுதிவிட்டு என் கண்ணில் படாமல் நழுவிவிட்டார். 500 ரூபாய் எழுதியிருந்தார். பணம் எனக்குப் பெரிதில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், பெரிதுதான். ஆனால் அன்றைக்கு அவர் நின்று ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

போன வாரம் ராத்திரி அப்பா அறையில் லைட் எரிந்தது. எட்டிப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

‘ஒண்ணுமில்லப்பா, கேஸுதான். போன தடவையும் அதானே சொன்னாய்ங்க. நீ போய்ப் படு.’