சூரியன் மஞ்சள் இல்லைங்க, வெள்ளை

வாட்ஸ்அப்ல மறுபடியும் அந்த போட்டோ சுத்துது, ஆரஞ்சு கலர்ல கொழுந்துவிட்டு எரியுற சூரியன், கீழ விண்வெளியில எடுத்த ஒரிஜினல்னு எழுதியிருக்கு. படம் ஒரிஜினல்தான், கலர்தான் ஒரிஜினல் இல்ல. சூரியனைப் படம் புடிக்கிறதுக்குன்னே நாசா அனுப்புன எஸ்டிஓ செயற்கைக்கோள் 2010ல இருந்து நம்ம கண்ணுக்கே தெரியாத புற ஊதாக் கதிர்ல படம் எடுக்குது, எந்த அலைநீளம்னு பாத்ததும் தெரியணுமேன்னு விஞ்ஞானிங்க கலர் குடுக்குறாங்க, 171 ஆங்ஸ்ட்ராம் (அலைநீளத்தை அளக்குற அலகு) னா தங்கக் கலர், 304னா சிவப்பு. பூமியில இருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிக்குற நம்ம ஆதித்யா எல்1 விண்கலத்துல இருக்குற சூட்ங்கற கருவி எடுக்குறதும் புற ஊதாப் படம்தான்.

விண்வெளிக்குப் போயி நேர்ல பாத்தா? பட்டப்பகல்லயே வானம் கன்னங்கரேல்னு இருக்கும், நடுவுல கண்ணு கூசுற சுத்த வெள்ளை வட்டம். சூரியன்ல இருந்து எல்லா நிறமும் கலந்துதான் வருது, அதுல நீலத்தைத்தான் காத்து அதிகமா நாலாபக்கமும் செதறடிக்குது, அதான் நமக்கு வானம் நீலம், சூரியன் லேசா மஞ்சள். மேல காத்தே இல்ல, செதறடிக்க ஆள் இல்ல. வெளிய நடக்குற விண்வெளி வீரர்களோட ஹெல்மெட் கண்ணாடியில மெல்லிசா தங்க முலாம் பூசியிருக்கறதே அந்த வெளிச்சத்துக்குத்தான்.

மேல போனா பெருசா தெரியும்னும் சொல்றாங்க. சூரியன் இருக்குற 15 கோடி கிலோமீட்டர் தூரத்துல விண்வெளி நிலையத்தோட 400 கிலோமீட்டர் உயரம் எந்த மூலைக்குங்க?

சாயங்காலம் ஏற்காடு லேடீஸ் சீட்ல நின்னு பாருங்க, சேலத்துப் பக்கம் தூசியும் புகையுமா இருக்கற நாள்ல சூரியன் எறங்க எறங்க அடிப்பக்கம் நசுங்கி, மேல்பாதிய விட கீழ்பாதி செவப்பா தெரியும், அந்தக் கலர் பூரா நம்ம காத்து பண்ற வேலை. விண்வெளி நிலையத்துல ஒரு நாளைக்கு 16 சூரிய உதயம், அங்கயும் பூமியோட விளிம்பைத் தொடுற அந்த சில நொடி மட்டும் செவந்து நசுங்கும், அப்புறம் திரும்ப வெள்ளை.

இங்க ஒரு அறிவியல் கண்காட்சியில ஒரு பாப்பா கருப்பு சார்ட்ல வெள்ளையா சூரியன் வரைஞ்சு வச்சிருந்தா. வந்த பெரியவர் ஒருத்தர் "நிலாவா கண்ணு?"ன்னார். "இல்லீங்க தாத்தா, சூரியன், அங்க காத்து இல்லீல்ல"ன்னா பாருங்க, எனக்கு அவ்ளோ சந்தோஷம்! ஆனா மத்த எல்லா சார்ட்லயும் மஞ்சள்தான். டீச்சருங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான், சூரியக் குடும்பம் வரையச் சொல்றப்ப வெள்ளை பெயிண்டும் குடுங்க, ஏன் வெள்ளைன்னு அஞ்சு நிமிஷம் பேசுங்க. படம் பார்வர்டு பண்றவங்களும் கலர் சேர்த்த படம்னு ஒரு வரி போட்டு அனுப்புங்க.