காய்தல் என்றால் உலர்தலா?

எண்ணெயில் ஏது தண்ணீர்? ஆனாலும் "எண்ணெய் காஞ்சிருச்சா பாரு, கடுகு போடணும்" என்கிறோம். பாலைக் காய்ச்சுகிறோம், பால் உலர்ந்தா போகிறது? இரும்பைப் பழுக்கக் காய்ச்சுகிறார்கள். உடம்பு கொதித்தால் காய்ச்சல். மார்கழியில் குளிர் காய்கிறோம். இத்தனையையும் தினம் புழங்கிக்கொண்டே, 'காய்' என்ற வினைக்குப் பொருள் கேட்டால் "ஈரம் போவது" என்று முதலில் சொல்லிவிடுகிறோம். என் பார்வையில் இது தலைகீழ். காய்தல் என்றால் சூடேறுதல். ஈரம் போவது அதன் பின்விளைவு.

குறளில் மூன்று இடங்களைப் பாருங்கள். எலும்பில்லாத புழுவை "வெயில்போலக் காயுமே" என்று 77-ஆம் குறள்: சுட்டெரித்தல். அரசரோடு பழகுவோருக்கு "தீக்காய்வார் போல்க" என்று 691: சூடு வாங்கிக்கொள்ளுதல். எவ்வளவு நினைத்தாலும் காதலர் "காயார்" என்று 1208: சினம் கொள்ளார். 'காய்தல் உவத்தல் இன்றி' என்று இன்றும் எழுதுகிறோமே, அந்தக் காய்தலும் இந்தச் சினம்தான். மூன்றிலும் வெப்பம் உண்டு, ஈரப்பேச்சே இல்லை.

அப்படியானால் உலர்த்துவதற்கு வள்ளுவர் என்ன சொல் வைத்திருந்தார்? 1037-ஐப் பாருங்கள். ஒரு பலம் (பழைய எடை அளவு) புழுதி கால் பலமாகும்படி "உணக்கின்" ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறார். உணங்கு, உணக்கு. மலையாளத்தில் துணி இன்றும் 'உணங்கு'கிறது, கன்னடத்தில் 'ஒணகு'கிறது. குமரி மாவட்டத்தில் 'உணக்கப் போடு' என்பது சாதாரணப் பேச்சு. மற்ற இடங்களில் நாம் உணங்கைக் கைவிட்டு, அந்த வேலையையும் காயின் தலையில் கட்டிவிட்டோம். அக்கம்பக்கத்தில் காய் தன் பழைய வேலையோடுதான் இருக்கிறது. மலையாளத்தில் 'தீ காயுக' என்றால் குளிர் காய்வது, கன்னடத்தில் 'நீரு காயிஸு' என்றால் வெந்நீர் போடுவது. தெலுங்கில் 'வென்னெல காஸ்தோந்தி' என்பது நம் 'நிலாக் காயுது'வேதான். (நிலவில் சூடு எங்கே என்று கேட்காதீர்கள். வெயிலுக்குச் சொன்னது ஒளிக்கும் ஒட்டிக்கொண்டது.)

சூடு எப்படி உலர்வானது என்பதை அடுப்படியிலேயே பார்க்கலாம். கழுவிய வாணலியை அடுப்பில் வைத்து "காயட்டும்" என்கிறோம். முதலில் ஒட்டியிருந்த நீர் போகிறது, பிறகு இரும்பு சூடேறுகிறது. ஒரே சொல் இரண்டுக்கும் சேர்த்து. முதல் பாதியோடு நிறுத்தி, ஊற்றிய எண்ணெயும் சூடேறும் முன்பே வடை போட்டால் அது எண்ணெய் குடிக்கும். முதல் பாதியே முடியாமல் எண்ணெய் ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க அதில் ஒரு சொட்டு மாவைப் போடுங்கள். அடியில் கிடந்தால் காயவில்லை. உடனே மிதந்து வந்தால் சரி. போட்டதும் கருத்தால் காய்ச்சல் மிஞ்சிவிட்டது. தோசைக்கல்லில் தெளித்த நீர் முத்து முத்தாக ஓடினால் அதுவும் மிஞ்சியதுதான். மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும்.

மிஞ்சியதற்கும் படிகள் வைத்திருக்கிறோம். அடிச்சோறு பிடித்துச் சிவந்தால் காந்தல், அதையும் தாண்டினால் தீய்தல், கரியே ஆனால் கருகல். காந்தல் காய்க்கு உறவுச் சொல்தான்.

இனி அடிக்கடி கண்ணில் படும் ஒரு கதை: பூ காய்ந்து விழுந்தபின் வருவதால்தான் 'காய்' என்று பெயராம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் வினையைப் பிடித்துப் பாருங்கள். துணி காய்கிறது, காய்ந்தது. மரம் காய்க்கிறது, காய்த்தது. தெலுங்கில் நிலவும் காயும் மரமும் காயும், அங்கே உருவத்தை வைத்துப் பிரிப்பது கடினம். தமிழ் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. மொழியறிஞர்கள் பரோ, எமனோ இருவரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியிலும் இவை தனித்தனிப் பதிவுகள். ஆக 'காய்ந்த மிளகாய்' என்னும்போது முன்னால் நிற்பது ஒரு காய், பின்னால் நிற்பது வேறொரு காய்.

மண்வெட்டி பிடித்துக் கை காய்த்துப் போவது மரத்தின் பக்கத்துக் காய்த்தல். அதை 'உழைத்துக் காய்ந்த கை' என்று எழுதுகிறவர்கள் அந்தக் கைக்கு வாஸ்லின் தடவச் சொல்கிறார்கள்.