சின்னக் கிட்டாருக்குப் பெரிய பெட்டி பாதுகாப்பு ஆகாது

என் மாணவியின் கிட்டார் கழுத்து முறிந்து கிடக்கும் படத்தையும் அதன் கீழே வந்த பின்னூட்டங்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை மறுபடி இங்கே போட எனக்கு மனம் வரவில்லை. சென்னையிலிருந்து காரைக்குடிக்கு வந்த ஆம்னி பஸ்ஸின் டிக்கியில் கிடந்து உடைந்தது என்பதும், ஹார்ட் கேஸ் எனப்படும் கெட்டியான பெட்டிக்குள் இருந்தும் உடைந்தது என்பதும் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தெரிந்த பிறகும் என் மாணவியைப் "பொறுப்பில்லாத பிள்ளை" என்று எழுதியவர்களுக்காகவும், "பெட்டி வாங்கிக் கொடுத்தும் உடைத்துவிட்டாளே" என்று அங்கலாய்த்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அவள் பொறுப்போடுதான் பெட்டி வாங்கினாள். அந்தப் பெட்டி அவளுடைய கிட்டாருக்கு உரிய பெட்டி இல்லை.

அவள் வாசிப்பது சிறிய உடல் கொண்ட கிட்டார். கடையில் அவளுக்குக் கொடுக்கப்பட்டது டிரெட்நாட் என்ற பெரிய உடல் கிட்டாருக்கான பெட்டி. "பெரிய பெட்டிக்குள் சின்னது போகாதா என்ன, நாலு பக்கமும் துண்டை வைத்து அடையுங்கள்" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். போகும், அதில் சந்தேகமில்லை. உள்ளே போவதும் உள்ளே அசையாமல் இருப்பதும் வேறு வேறு. இந்த ஒன்றை மட்டும் இந்தப் பதிவில் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லுவேன்.

அளவைப் பார்ப்போம். அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான மார்ட்டினின் அளவு முறையில், 14-ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளே ஃப்ரெட்) கழுத்து உடலோடு சேரும் 0 என்ற சிறிய அளவுக் கிட்டாரின் அகன்ற கீழ்ப்பகுதி 13½ அங்குலம். டிரெட்நாட்டுக்கு அது 15⅝ அங்குலம். உடலின் நீளம் 18⅜ அங்குலம், டிரெட்நாட்டுக்கு 20. ஆழத்திலும் அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் உண்டு. இரண்டு அங்குல அகலமும் ஒன்றரை அங்குல நீளமும் காலியாகக் கிடக்கும் பெட்டியில், பஸ் ஒவ்வொரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும் கிட்டார் உள்ளேயே ஓடி முட்டும். வெளியிலிருந்து வரும் அடியைப் பெட்டி தாங்கிக்கொள்கிறது. உள்ளே விழும் அடியை யார் தாங்குவது?

கிட்டாரின் பலவீனமான இடம் கழுத்து முடிந்து தலைப்பகுதி தொடங்கும் மூலை. தலை பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் மரத்தின் ரேகை அங்கே குறுக்காக ஓடுகிறது. கழுத்து வளையாமல் காக்கும் ட்ரஸ் ராடு என்ற உலோகக் கம்பிக்காகக் குடைந்த பள்ளமும் பல கிட்டார்களில் அதே இடத்துக்கு வந்து சேர்கிறது. சுருதி கூட்டிய ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ விசையோடு அந்த இடத்தை இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் நல்ல பெட்டியில் கழுத்தை ஏந்தும் ஒரு தாங்கி இருக்கும். தலைப்பகுதி எதன் மேலும் படாமல் பெட்டிக்குள் காலி இடத்தில் நிற்கும். பெட்டி பெரியதாகிவிட்டால் தாங்கி தப்பான இடத்தில் வருகிறது, தலையின் முனை பெட்டியின் சுவரில் மோதுகிறது. படத்தில் நீங்கள் பார்த்த முறிவு சரியாக அந்த மூலையில்தான் இருக்கிறது.

"துண்டை ஒழுங்காகச் சுற்றியிருந்தால் உடைந்திருக்காது" என்று ஒருவர் மிகுந்த நம்பிக்கையோடு எழுதியிருந்தார். ஐயா, நீங்கள் ஒரு முறை செய்து பாருங்கள். உடலுக்கு அடியில் துண்டு வைத்தால் உடல் உயர்ந்து, கழுத்து தாங்கியை விட்டுத் தூக்கி நிற்கும். இன்னும் கொஞ்சம் வைத்தால் மூடி இறங்கி, உடலின் மேல் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜை அழுத்தும். மேல்பலகையின் ஸ்ப்ரூஸ் மரம் மூன்று மில்லிமீட்டர் கனம்கூட இல்லாதது. பக்கவாட்டில் அடைத்தால் காரைக்குடி வந்து சேர்வதற்குள் துணி அமுங்கி, வைத்த இடத்தை விட்டு விலகியிருக்கும். பெட்டிக்குள் ஃபோமை அளவாக வெட்டி ஒட்டிப் பொருத்துவது வேறு வேலை, அதை நான் மதிக்கிறேன். அதைச் செய்துகொடுக்க வேண்டியவர் பெட்டியை விற்றவர். கல்லூரி விடுதியிலிருந்து ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பிள்ளை அல்ல.

பஸ்காரர்மேல் தவறு இல்லையா என்று கேட்கிறீர்கள். இருக்கலாம். அவரைத் திருத்த என்னால் முடியாது.

"ஆன்லைனில் எல்லாம் கிடைக்கிறதே" என்ற வாதத்துக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். நம் நாட்டில் கிட்டாரை 38 அங்குலம், 39 அங்குலம், 41 அங்குலம் என்று மொத்த நீளத்தைச் சொல்லித்தான் விற்கிறார்கள். பெட்டியையும் அப்படியே விற்கிறார்கள். நீளம் ஒன்றாக இருக்கும் இரண்டு கிட்டார்களின் இடுப்பு, அதாவது உடல் நடுவில் குறுகும் இடம், ஒன்றாக இருக்காது, ஆழம் ஒன்றாக இருக்காது. 12 ஃப்ரெட்டில் கழுத்து சேரும் கிட்டாருக்கும் 14 ஃப்ரெட்டில் சேரும் கிட்டாருக்கும் தாங்கி நிற்க வேண்டிய இடமே மாறுகிறது. பெட்டியின் உள்ளளவைக் கேட்டு நான் எழுதிய செய்திகளுக்கு "எல்லா கிட்டாருக்கும் பொருந்தும்" என்பதே விடையாக வந்தது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று சொல்லப்படும் பெட்டியைக் கண்டால் தள்ளி நில்லுங்கள். மொத்த நீளம், உடலின் நீளம், மேல் அகலம், இடுப்பு, கீழ் அகலம், அடிப்பக்க ஆழம் ஆகியவற்றை எழுதி எடுத்துக்கொண்டு போய், உள்ளளவோடு ஒப்பிட்ட பிறகு பணம் கொடுங்கள். முடிந்தால் கிட்டாரையே கொண்டு போய் வைத்து, மூடியை அழுத்தாமல் பூட்டி, பெட்டியை நிமிர்த்தி மெல்ல அசைத்துப் பாருங்கள். உள்ளே எதுவும் நகரும் ஓசை கேட்கக் கூடாது. 0-ஐ விட ஒரு படி பெரிய 00 அளவில், 12-ஆம் ஃப்ரெட்டில் கழுத்து சேரும் கிட்டார் சிலவற்றுக்கு நைலான் கம்பிக் கிளாசிக்கல் கிட்டாரின் பெட்டியே நன்றாக அமைந்துவிடும். அதையும் கேட்டுப் பார்க்கலாம்.

இதெல்லாம் மேல்நாட்டு ஆடம்பரம் என்று எழுதியவருக்கு என் ஆயா (பாட்டி) வீட்டு வீணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீணைச் சகோதரர்கள் சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் காரைக்குடி என்ற பெயரைச் சங்கீத உலகம் முழுவதும் கொண்டு போனவர்கள். சாம்பசிவ ஐயருக்கு 1952-இல் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. வீட்டில் வீணை இருப்பது எங்கள் பக்கத்தில் அதிசயமில்லை. ஆயாவின் வீணைக்குப் பெட்டி செய்ய வந்த ஆசாரி, முதலில் பழுப்புத் தாளை விரித்து, வீணையை அதன் மேல் படுக்க வைத்துச் சுற்றிலும் கோடு இழுத்தார். "ஆச்சி, எந்த இடத்துல தாங்கலாம், எந்த இடத்துல படவே கூடாதுன்னு காட்டுங்க" என்று கேட்டார். குடத்தைத் தாங்கலாம், யாளி முகத்திலும் சுருதி கூட்டும் பிருடைகளிலும் எதுவும் படக் கூடாது, சுரைக்காயைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும் என்று ஆயா சொல்லச் சொல்ல, அவர் தாளிலேயே குறித்துக்கொண்டார். சிறுவனாக இருந்த நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வீணை வாசிக்கத் தெரியாத அந்த மனிதருக்கு என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. அந்த ஒரு கேள்வியை, கிட்டார் விற்பதையே தொழிலாகக் கொண்ட கடையில் யாரும் அவளிடம் கேட்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இங்கே இன்னொன்றும் இருக்கிறது. சின்னக் கிட்டார் என்றாலே குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் என்ற எண்ணம் கடைகளிலும் வீடுகளிலும் ஊறிப்போயிருக்கிறது. "இந்தச் சின்னதுக்கு இவ்வளவு விலையில் பெட்டியா" என்று அவளுடைய வீட்டிலேயே கேட்டிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் கிட்டார் என்றால் சிறிய உடல்தான். டிரெட்நாட் வடிவம் 1916-இல்தான் டிட்சன் என்ற வணிக நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டது. மார்ட்டின் தன் பெயரில் அதை விற்கத் தொடங்கியது 1931-இல். விரல்களால் வாசிப்பவர்களுக்குச் சிறிய உடலில் ஒவ்வொரு கம்பியும் தனித்துக் கேட்கும். அவள் அதைத் தேர்ந்தெடுத்தது அந்த ஒலிக்காக. உடல் சிறியது என்பதற்காகக் கவனத்தையும் சிறியதாக்கிக்கொள்ளலாம் என்று யார் முடிவு செய்தார்கள்? அந்தப் படத்தின் கீழே "பெண்பிள்ளைக்கு உக்கலேலே போதுமே" என்று, நாலு கம்பிக் குட்டி வாத்தியத்தைச் சொல்லி எழுதியவரின் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அதைப் படித்த அன்று அவள் வகுப்புக்கு வரவில்லை என்பதை மட்டும் அவருக்குச் சொல்கிறேன்.

உடைந்த கழுத்தை ஒட்டிச் சரிசெய்ய முடியும். முறிவு சுத்தமாக இருக்கிறது, நல்ல மரவேலைக்காரர் நல்ல பசையால் ஒட்டினால் நிற்கும். பிறகு அதற்கு ஒரு பெட்டி வேண்டும். முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் மரவேலை செய்யும் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். மெல்லிய பிளைவுட்டில், உள்ளே அடர்த்தியான ஃபோம் வைத்துச் செய்யலாம் என்கிறார். எடை கொஞ்சம் கூடும். இருக்கட்டும். வெயில் காலத்தில் நம் ஊர்க் காற்று காய்ந்துவிடுவதால், ஈரப்பதத்தை 45-க்கும் 55 சதவீதத்துக்கும் இடையில் வைக்க உதவும் சிறு பொதிகளுக்கும் உள்ளே ஓர் அறை விடச் சொல்லியிருக்கிறேன். தயாராக விற்கும் சிறிய உடல் பெட்டி, உள்ளளவு எழுதப்பட்டது, எங்காவது கிடைப்பது உங்களுக்குத் தெரிந்தால் கீழே எழுதுங்கள். தெரியாவிட்டால் துண்டு யோசனையை மட்டும் தயவுசெய்து மறுபடி எழுத வேண்டாம்.

அவளைப் பற்றி எழுதியவர்கள் அந்த வரிகளை நீக்கிவிட்டால் நல்லது. நீக்க மனமில்லை என்றால், அளவு பொருந்தாத பெட்டியில் ஒரு கிட்டாரை எப்படிப் பொறுப்போடு கொண்டுவருவது என்று அவளுக்கே பதில் எழுதுங்கள். இந்தப் பதிவை அவளும் படிப்பாள்.