ரீஜென்ட் மசாரின் இல்லப்பா, ஆன்!

"பதினான்காம் லூயி சிறுவனாக இருந்தபோது கார்டினல் மசாரின் ரீஜென்டாக ஆட்சி செய்தார்." இந்த ஒரே வரியை இன்னும் எத்தனை விடைத்தாள்லதான் படிச்சுத் தொலைக்கிறது!

ரீஜென்ட்னா குழந்தை ராஜா பேர்ல நாட்டை ஆளுறவங்க. பிரான்ஸ்ல மசாரின் தலைமை அமைச்சர். அவ்ளோதான். மகனுக்கு வயசு வர்ற வரைக்கும் அவன் பேர்ல ஆண்டது அம்மா ஆன். அதுவும் சும்மா கிடைச்ச பதவியா? ஆனோட புருஷன் பதிமூணாம் லூயி சாகுறதுக்கு முன்னாடியே பொண்டாட்டி கையைக் கட்டிப்போட ஒரு கவுன்சிலை நியமிச்சு, பெரும்பான்மை சொல்றதுதான் முடிவுன்னு எழுதி வெச்சுட்டார். 1643 மே 14 அவர் கண்ணை மூடினார். மே 18 அன்னிக்கு நாலு வயசுப் பையனை பாரிஸ் பார்லமான்ல உட்கார வெச்சு, அந்த ஏற்பாட்டையே ரத்து பண்ண வெச்சாங்க ஆன். அன்னிக்குச் சாயங்காலமே மசாரினை நியமிச்சதும் அவங்கதான்! வேலை குடுத்தவங்களை விட்டுட்டு வேலைக்கு வந்தவரை ரீஜென்ட்னு எழுதுறீங்களே, நியாயமா?

இதுல "மக்கள் பிரதிநிதிகள் ஒப்புதல் அளித்தனர்"னு வேற. எந்த மக்கள், எந்தப் பிரதிநிதி? பாரிஸ் பார்லமான்ங்கிறது கோர்ட்டுப்பா. காசு குடுத்துப் பதவி வாங்கின நீதிபதிகள் உட்கார்ந்திருந்த கோர்ட்டு.

"பெண் ஆளக் கூடாது என்பதால் ஆன் பெயரளவில் மட்டுமே." பெண்ணுக்குக் கிடையாதுன்னு சொன்னது மகுடத்தை. குழந்தை ராஜாவுக்காக ஆளுறதுக்கு என்ன தடை? கத்தரீன், மரீன்னு மெதிச்சி குடும்பத்து ராணிங்க ரெண்டு பேர் ஏற்கெனவே ஆண்டுட்டாங்களே. யோசிச்சுப் பார்த்தா, மகுடத்துக்கே உரிமை இல்லாதவங்க கையில குழந்தை இருக்கிறதுதான் பத்திரம். சித்தப்பா காஸ்தோனை நம்பி விடலாமா? சொந்த அண்ணனுக்கு எதிராவே சதி பண்ணின ஆள் அவர்!

"ஸ்பெயினில் பிறந்ததால் ஸ்பெயினுக்குச் சாதகமாக நடந்தார்." ஸ்பெயின் ராஜா நாலாம் பிலிப் அவங்க கூடப்பிறந்த தம்பி. அந்தத் தம்பியோட நடந்த போரை ரீஜென்சி முடியுற வரைக்கும் விடவே இல்லை.

எல்லாத்துக்கும் மேல, "ரீஜென்சி 1661 வரை நீடித்தது." அய்யோ! 1661 மசாரின் செத்த வருஷம். ரீஜென்சி முடிஞ்சது 1651 செப்டம்பர் 7. பையனுக்கு 13 வயசு முடிஞ்சு ரெண்டே நாள். பிரெஞ்சு ராஜாவுக்கு 14ஆவது வயசு தொடங்கினாலே போதும். 1374லயே ஐந்தாம் சார்லஸ் போட்ட விதி அது. அன்னிக்கு மசாரின் எங்கே இருந்தார் தெரியுமா? ஃப்ரோந்து கலகத்துல நாட்டை விட்டே ஓடி, ஜெர்மனியில கொலோன் பக்கத்துல ப்ரூல்ல. ஊர்லயே இல்லாத மனுஷனுக்கு ரீஜென்ட் பட்டம் குடுத்தா நான் எங்கேர்ந்து மார்க் போடுறது?